அழைப்பிதழின் கடைசி வரி: நம் இலக்கிய வட்டத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா அவர்களுக்கும் செயற்குழு நண்பர்களுக்கும்,

வணக்கம். அடுத்த மாதக் கூட்டத்துக்கான அழைப்பிதழ் மேட்டர் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. டைப் செய்து புரூஃப் எடுத்தாயிற்று, இப்போது என் மேசையில் இருக்கிறது. வழக்கம்போல ஒரே கலர், மேலே பாரதி படம், நாள், இடம், பேசுபவர், ‘அனைவரும் வருக’. எல்லாம் பழைய மாதிரிதான். கடைசியில் மட்டும் புதிதாக ஒரு வரி: ‘கூட்டத்தில் அரசியல் பேசுவதைக் கண்டிப்பாகத் தவிர்க்கவும்.’ அதை போல்டில் போடச் சொல்லியிருக்கிறீர்கள். அதற்கு நேர் கீழே, பொடி எழுத்தில், என் அச்சகத்தின் பெயர் வருகிறது.

30 வருஷத்துக்கு மேலாக இந்த வட்டத்துக்கு அழைப்பிதழ் அடிக்கிறேன். மேட்டரில் ஒரு எழுத்தைக்கூட நானாக மாற்றியதில்லை. பிழை தென்பட்டால் போன் போட்டுக் கேட்பேன், அவ்வளவுதான். இந்த வரியில் பிழை இருப்பதாக நினைக்கிறேன். போனில் சொல்ல வராது. ஐயாவிடம் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை, பாதியிலேயே “சரிங்கய்யா” என்று வைத்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன். செயற்குழுவுக்கு மட்டும் கொடுக்காமல் எல்லாரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம், அந்த வரியும் எல்லாருக்கும்தான் போகப்போகிறது.

போன கூட்டத்துக்கு வராதவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நூலக மாடியில் முப்பது பேர் போல இருந்தோம். கவிதை வாசிப்பு நேரத்தில் ஒரு பிள்ளை எழுந்து வந்தது. நம் கூட்டத்துக்கு முதல் தடவை. கல்லூரி முடித்து ஒன்றிரண்டு வருஷம் இருக்கும். அது வாசித்தது அதன் ஆச்சியின் சாவைப் பற்றி. தெரு வழியாகப் போக விடாததால் பாடையை வாய்க்காலுக்குள் இறக்கித் தூக்கிப் போகிறார்கள். முழங்கால் தண்ணீரில் தூக்கியவர்களுக்குக் கால் வழுக்குகிறது. பாடையில் கட்டிய செவ்வந்தி நனைந்து ஒவ்வொன்றாகக் கழன்று மிதக்கிறது. ஆச்சிக்கு முன்னாடியே பூ சுடுகாடு போய்ச் சேர்ந்துவிட்டது என்று ஒரு வரி. கவிதையில் கட்சிப் பெயர் இல்லை, சாதிப் பெயர் இல்லை, தெருவின் பெயர்கூட இல்லை. ஆனால் எந்தத் தெரு என்று மாடியில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

பலசரக்குக் கடை அண்ணாச்சி எழுந்து, “இது இலக்கியக் கூட்டமா, கட்சிக் கூட்டமா?” என்று கேட்டார். பின் வரிசையிலிருந்து ஒரு தம்பி, “உறுத்துறவங்க எந்திரிச்சுப் போலாம்” என்றான். அப்புறம் நாலு பேர் எழுந்தார்கள், ஒரு நாற்காலி சாய்ந்தது. அந்தப் பிள்ளை தாளைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றது. இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்திருக்க வேண்டும். நிறுத்திய இடத்தில் விரலை வைத்திருந்தது. ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் மைக்கை அணைத்தேன். யாரும் சொல்லவில்லை. கை தானாகப் போனது. சுண்டலை யாரும் தொடவில்லை. கேரி பேக்கில் கட்டி நூலகத்து வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆகவே யோக்கியன் வேஷம் போட்டுக்கொண்டு இதை எழுதவில்லை. நீங்கள் ஒரு வரியில் செய்ய நினைப்பதை நான் ஒரு சுவிட்சில் செய்துவிட்டேன்.

ஐயா, மறுநாள் வீட்டுக்கு வந்தபோது நீங்கள் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. 1972இல் தி.மு.க. உடைந்து அ.தி.மு.க. பிறந்த சமயம் நீங்கள் படித்த ஊரின் தமிழ் மன்றம் இரண்டாகப் பிளந்து, கொஞ்ச நாளில் இல்லாமலே போனதைச் சொன்னீர்கள். கவியரங்கம் என்று கூட்டிவைத்து, தலைவர்களுக்கு அடைமொழி தேடுகிற போட்டி நடந்ததைச் சொன்னீர்கள். கடைசியில் ஒன்று கேட்டீர்கள்: “இந்த ஊர்ல எல்லாக் கட்சிக்காரனும் எல்லாச் சாதிக்காரனும் ஒண்ணா உக்காருற இடம் இது ஒண்ணுதான். இதையும் கெடுத்துக்கிடணுமாடே?” எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஒன்றாக உட்கார்ந்தோம் என்பது உண்மைதான். ஆனால் சில பேர் சிலதைச் சொல்லாமல் விழுங்கிக்கொண்டதால்தான் அப்படி உட்கார முடிந்ததோ என்று இப்போது தோன்றுகிறது.

1999 ஜூலை 23ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் ஊர்வலம். கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீசுக்குப் போகிற வழியில் போலீஸ் தடியடி. ஓடியவர்கள் தாமிரபரணிக்குள் இறங்கினார்கள். 17 பேர் செத்தார்கள், ஒரு சின்னக் குழந்தை உட்பட. அடுத்து நடந்த நம் கூட்டத்தின் தலைப்பு என்ன தெரியுமா? ‘பரிபாடலில் புனலாட்டு’. தலைப்பு முன்னாலேயே முடிவானது, யாரையும் குறை சொல்ல முடியாது. அழைப்பிதழை நான்தான் அடித்தேன். பேச வந்தவர் அருமையாகப் பேசினார்: வையையில் புதுவெள்ளம், சந்தனம் கரைகிறது, பெண்கள் நீரில் இறங்குகிறார்கள். இங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் போனால் அந்த இடம். அதே ஆறுதான் நம் ஊரையும் தொட்டுக்கொண்டு போகிறது. முழுக் கூட்டத்திலும் ஆற்றைப் பற்றி ஒருவர் வாய் திறக்கவில்லை. நானும்தான். அன்றைக்கு எந்த அழைப்பிதழிலும் இப்படி ஒரு வரி இருக்கவில்லை.

அன்று பேசுவதற்கு நம்மிடம் இலக்கியம் இல்லாமலா போயிற்று? நம் மாவட்டத்து வாசவன்பட்டியிலிருந்து பஞ்சம் பிழைக்க இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிற மருதியைப் பற்றி, 1930களிலேயே ‘துன்பக்கேணி’ என்று ஒரு கதை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார் புதுமைப்பித்தன். கங்காணி, துரை, சீக்கு, மருதியின் உடம்புக்கு நேர்வது எல்லாம் அதில் இருக்கிறது. பிளஸ் டூ லீவில் அந்தக் கதையை என் கையில் கொடுத்தவர் நீங்கள்தான், ஐயா. படித்துவிட்டு இரண்டு நாள் டீ குடிக்கப் பிடிக்கவில்லை என்று வந்து சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள். அந்தக் கதை அரசியலா, இலக்கியமா என்று அன்றைக்கு நீங்களும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

உங்கள் பக்கத்தில் இருக்கிற நியாயத்தையும் மறைக்க மாட்டேன். கோஷத்தை மடக்கி மடக்கி எழுதி அதைக் கவிதை என்று கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தொகுப்பை அடித்துக் கொடுத்தவன் நான், பண்டல் பண்டலாக என் பரணில்தான் கிடக்கிறது. அதேபோல, எழுத்தாளன் என்றால் எல்லாவற்றுக்கும் குரல் கொடுத்தே ஆக வேண்டும் என்று வருகைப் பதிவேடு எடுக்கிறவர்களையும் எனக்குப் பிடிக்காது. சிறுகதைக்காரர் மௌனி, நாடே கொந்தளித்துக் கிடந்த காலத்தில் எழுத வந்தவர். மொத்தமே இரண்டு டஜன் கதைகள். அதில் போராட்டத்தைத் தேடினால் கிடைக்காது. அதற்காக அவரை எழுந்து நிற்க வைத்துக் கேள்வி கேட்பதா? 2015இல் கன்னட அறிஞர் கல்புர்கி கொலைக்குப் பிறகு நயன்தாரா சாகல் போன்றவர்கள் சாகித்திய அகாதெமி விருதைத் திருப்பிக் கொடுத்தபோது, கொடுத்தவர்களை விளம்பரம் தேடுகிறார்கள் என்றார்கள், கொடுக்காதவர்களைக் கோழைகள் என்றார்கள். இரண்டு பக்கமும் எழுத்தாளனின் கையைப் பிடித்து இழுத்ததுதான் மிச்சம். பேசுவதும் பேசாமல் இருப்பதும் அவரவர் மனசு. பேசாதே என்று நோட்டீஸ் அடிப்பது அப்படி இல்லையே.

இன்னொன்று. நாம் அரசியல் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அது வராமல் இருந்துவிடுமா? பெருமாள்முருகன் 2010இல் எழுதிய ‘மாதொருபாகன்’ நாவல் குழந்தை இல்லாத ஒரு புருஷன் பெண்டாட்டியின் கதை. நாலு வருஷம் கழித்து அதை எரித்தார்கள், திருச்செங்கோட்டில் கடையடைப்பு நடந்தது. 2015 ஜனவரியில் தனக்குள் இருந்த எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவரே எழுதினார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அவர் அரசியலைத் தேடிப் போகவில்லை. வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு அது வந்தது.

சரி, பேசினால் சண்டை வருமே என்பதுதானே உங்கள் கவலை. அதற்குத்தான் வருகிறேன்.

என் அப்பா கம்பாசிட்டர். ஈய எழுத்துகளைத் தலைகீழாக வைத்துக்கொண்டே நம்மைவிட வேகமாகப் படிப்பார். தீவிர தி.மு.க. அனுதாபி. 1969 பிப்ரவரியில் அண்ணா இறந்து, ஊரே மொட்டை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், ஓர் இரங்கல் கூட்டத்தில் ஜெயகாந்தன் அண்ணாவை விமர்சித்துப் பேசினார். இரங்கல் கூட்டத்திலேயே! அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஜெயகாந்தன் பெயரை எடுத்தால் அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விடுவாராம். அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆனால் விகடனில் வந்த ஜெயகாந்தனின் முத்திரைக் கதைகளைக் கிழித்து, தைத்து, காலிக்கோ ஒட்டி, அப்பா தன் கையால் பைண்ட் செய்த வால்யூம் மட்டும் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. பழைய பேப்பர்காரனுக்குப் போடவில்லை. “அந்த ஆளத்தான் பிடிக்காதே, இது எதுக்கு?” என்று பின்னால் ஒருநாள் கேட்டேன். “ஆளு மேல கோவம்லே. கத என்ன செஞ்சுது?” என்றார். எனக்கும் அதைக் கொடுக்க மாட்டார். படித்துவிட்டு அங்கேயே வைக்க வேண்டும்.

எழுத்தாளனிடம் முரண்படுவதற்கு அது ஒரு வழி. எழுதியே முரண்படுவது இன்னொரு வழி. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். அதை மையமாக வைத்து இந்திரா பார்த்தசாரதி எழுதிய ‘குருதிப்புனல்’ நாவலுக்கு 1977இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. இடதுசாரிகள் பலருக்கு அந்த நாவல் மேல் கோபம். கூலிக்காக நடந்த போராட்டத்தை ஒரு பண்ணையாரின் ஆண்மைக் குறைவோடு முடிச்சுப் போட்டுவிட்டாரே என்றார்கள். எனக்கும் அந்தக் குறை உண்டு, ஆனாலும் நாவலைக் கீழே வைக்க முடியவில்லை. பின்னால் சோலை சுந்தரபெருமாள் ‘செந்நெல்’ எழுதினார். அதற்கும் பின்னால் மீனா கந்தசாமி அதே இரவை ஆங்கிலத்தில் நாவலாக்கினார். ஒரே ராத்திரிக்கு மூன்று நாவல், ஒன்றுக்கொன்று ஒத்தே போகாது. மூன்றையும் ஒரே கூட்டத்தில் வைத்துப் பேசலாம் என்று ரொம்ப நாளாக எனக்கு ஆசை. கடைசி வரி அச்சானால் அந்த ஆசைக்கு இங்கே இடமில்லை.

மரியாதையான கருத்து வேறுபாடு என்றாலே எல்லாரும் பெரியார், ராஜாஜி கதையைச் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டார்கள். நான் வேறொன்று சொல்கிறேன், அதுவும் நம் ஊர்ப்பக்கம் தொடங்கியதுதான். 1934 ஜனவரி 15 பீகாரில் பெரிய பூகம்பம், ஆயிரக்கணக்கானவர்கள் செத்துப்போனார்கள். காந்தி அப்போது தீண்டாமை ஒழிப்புக்காக நம் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தார். 24ஆம் தேதி திருநெல்வேலியில் பேசும்போது, தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனைதான் இந்தப் பூகம்பம் என்கிற மாதிரிச் சொல்லிவிட்டார்.

பத்திரிகையில் அதைப் படித்த தாகூருக்குப் பொறுக்கவில்லை. தீண்டாமை விஷயத்தில் அவரும் காந்தி பக்கம்தான். ஆனால் நில அதிர்ச்சிக்கு நிலத்துக்குள்தான் காரணம் இருக்கும், அதைப் பாவ புண்ணியத்தோடு சேர்த்துக் குழப்பலாமா என்பது அவர் கேள்வி. காந்தியே இப்படிச் சொன்னால் ஜனங்களின் மூடநம்பிக்கைக்கு யார் பதில் சொல்வது என்ற பயம். எழுதினார், காட்டமாகவே எழுதினார். ஆனால் எழுதியதை முதலில் காந்திக்கே அனுப்பினார். பேப்பரில் வந்தது நீங்கள் சொன்னதுதானா, ஆமென்றால் இதை வெளியிடுங்கள் என்று.

காந்தி என்ன செய்தார்? பிப்ரவரியில் தன்னுடைய ‘ஹரிஜன்’ பத்திரிகையிலேயே அதை வெளியிட்டார், தன் பதிலோடு. பதிலில் ஓர் அங்குலம்கூட இறங்கி வரவில்லை, தான் சொன்னதில் தனக்கு நம்பிக்கை உண்டு என்றே எழுதினார். என்னைக் கேட்டால் அந்த வாதத்தில் தாகூர் பக்கம்தான் நியாயம். ஆனால் அச்சுக்காரனான எனக்குக் காந்தி செய்த காரியம்தான் கண்ணில் நிற்கிறது. தன்னைத் திட்டி வந்ததைத் தன் பேப்பரிலேயே அடித்தார். தாகூர் எழுதியதை வெளியே விடும் முன் ‘நீங்கள் சொன்னதுதானா?’ என்று கேட்டுக்கொண்டார். நாம் அந்தப் பிள்ளையை அதைக்கூடக் கேட்கவில்லை. முழுசாக வாசிக்கவே விடவில்லையே.

அண்ணாச்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் கேட்ட கேள்வியை மட்டும் வைத்து அவரை வில்லனாக்கிவிட வேண்டாம். நம் கூட்டத்துக்கு நாற்காலி வாடகை யார் கொடுக்கிறார்கள்? கம்பராமாயணத்தில் எந்த இடத்தில் தட்டினாலும் பாட்டு விழும் ஆள் அவர். நாலு நாள் கழித்து உளுந்து வாங்கப் போனேன். நிறுத்துக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்: “அந்தப் பாடை போன அன்னைக்கு நான் கடையிலதான் இருந்தேன். வாய்க்கால்ல எறங்குறதப் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். இத்தன வருசம் களிச்சு ஒரு புள்ள வந்து மைக்குல சொன்னா, எனக்கு எப்படி இருக்கும்?” கொஞ்ச நேரம் கழித்து, “தெருவச் சொன்னா தெருவுல இருக்க எல்லாரையும் சொன்ன மாரி ஆயிருதுல்லா” என்றார்.

இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். “எளுதிக்கோ, பேரு வேண்டாம்” என்றார். ஐயா, அண்ணாச்சி என்னிடம் தராசுக்குப் பின்னால் நின்று சொன்னதைவிடப் பெரிய விமர்சனம் எதையும் அந்தக் கவிதைக்கு யாரும் சொல்லிவிட முடியாது. அந்தப் பிள்ளை அதைக் கேட்டிருக்க வேண்டும். மாடியில் இருந்த முப்பது பேரும் கேட்டிருக்க வேண்டும். நீங்கள் போடச் சொன்ன வரி அந்தப் பிள்ளையின் வாயை மட்டும் அடைக்கவில்லை, அண்ணாச்சியின் வாயையும் சேர்த்துத்தான் அடைக்கிறது.

நான் கேட்பது இதுதான். வருகிற கூட்டத்தில் அந்தக் கவிதையை முதலிலிருந்து கடைசிவரை வாசிக்க விடுங்கள். அதற்கு அப்புறம் அண்ணாச்சிக்கு ஒரு கால் மணி நேரம் கொடுங்கள். இடையில் யாராவது ‘எந்திரிச்சுப் போ’ என்றால், அவர்களை உட்காரச் சொல்ல ஐயா ஒரு பார்வை பார்த்தால் போதும், முப்பது வருஷமாக அந்தப் பார்வைக்குப் பயந்தவர்கள்தான் நாங்கள். பின் வரிசைத் தம்பியிடம் நான் பேசிவிட்டேன். கொஞ்சம் முறைத்தான், வருகிறேன் என்றிருக்கிறான். அந்தப் பிள்ளை மட்டும் இன்னும் பதில் சொல்லவில்லை. வாய்விட்டு மன்னிப்புக் கேட்டு ஒரு செய்தி அனுப்பியிருக்கிறேன். பார்த்துவிட்டது என்று மட்டும் தெரிகிறது.

ஒரு நோட்டீசின் அடியில் அச்சடித்தவன் பெயரைப் போட வேண்டும் என்பது 1867ஆம் வருஷத்துச் சட்டத்தில் இருந்த விதி. எவன் அடித்தான் என்று வெள்ளைக்காரனுக்குத் தெரிய வேண்டுமே. 1908இல் ‘இந்தியா’ பத்திரிகை மேல் ராஜத்துரோக வழக்கு வந்தபோது, எழுதிய பாரதி புதுச்சேரிக்குத் தப்பிவிட்டார். சட்டப்படி ஆசிரியராகப் பெயர் பதிந்திருந்த சீனிவாசன் மாட்டிக்கொண்டு 5 வருஷத் தண்டனை வாங்கினார். நம் மேடையில் பாரதி படம் வைக்கிறோம், சீனிவாசன் படம் எங்கேயும் பார்த்ததில்லை. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு அவரை மறக்க முடியாது.

புரூஃப் இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன். ஒன்றில் உங்கள் வரி இருக்கிறது, போல்டில்தான். இன்னொன்றில் அந்த வரி இருந்த இடத்தில் ‘கவிதை வாசிப்பு: சென்ற மாதம் நின்ற இடத்திலிருந்து’ என்று போட்டிருக்கிறேன். நானாக மேட்டரில் கை வைத்தது இதுதான் முதல் தடவை, பொறுத்துக்கொள்ளுங்கள். செயற்குழு கூடி, முதல் புரூஃப்தான் என்று முடிவு செய்தால், அதையே அடித்துத் தருகிறேன், வழக்கம்போலக் காசு வேண்டாம், அடியில் என் அச்சகப் பெயரையும் எடுக்க மாட்டேன். கூடவே இந்த மடலையும் 200 பிரதி அடித்து அழைப்பிதழோடு மடித்து வைக்க அனுமதி வேண்டும்.

எதுவானாலும் வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் சொல்லிவிடுங்கள். பிளேட் போடுகிற பையன் சனிக்கிழமை லீவு, முகூர்த்த நாள் வேறு நெருங்கிவிட்டது, மிஷின் சும்மா இருக்காது.

என்றும் அன்புடன்,
உங்கள் அச்சுக்காரன்